கடைசி நோயாளி

கால் அறுவை சிகிச்சை டாக்டர்களுக்கான போர்டு தகுதித் தேர்வு நாளைக்கு. ஒஹாயோவில் தன் சமையலறையில் டாக்டர் கோரின் படபடப்போடு உட்கார்ந்திருந்தாள். கணவன் ட்வைட், பயிற்சி அட்டைகளை வைத்துக்கொண்டு நோயாளியாக நடித்தான். தேர்வில் நோயாளியாக நடிப்பவர் போலவே, கேட்டதற்கு மட்டும்தான் பதில்.

"எங்கே வலி?"

"குதிகால்ல."

"எப்போ அதிகம்?"

"காலைல எந்திரிச்சு முதல் அடி வைக்கும்போது."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"குதிகால் சவ்வுல வீக்கம். ஆபரேஷன் வேண்டாம், பயிற்சியும் நல்ல ஷூவும் போதும். சரியா?"

"தெரியலையே."

"அட்டையைத் திருப்பிப் பாரு, விடை இருக்கும்."

"அட்டையெல்லாம் போன கேஸோட தீர்ந்துபோச்சு. இது என் கால்."

கோரின் திகைத்தாள். "மூணு வாரமா வலியா? ஏன்டா சொல்லல?"

"நீ கேட்டாத்தானே சொல்லணும், டாக்டர்? அதுதானே ரூல்!"