பூச்சி வளர்ப்புப் பாடம்

யூனிஸைப் பெண் கேட்கத்தான் சிட்டிபாபு பீர்க்கன்கரணைக்குப் போனான். அவள் சொல்லி அனுப்பியபடியே, அவளுடைய அப்பா அசரியா வளர்க்கும் மீன்களில் பேச்சைத் தொடங்கினான்.

"குஞ்சு மீனுக்கு என்ன சார் போடுவீங்க?"

அசரியா முகம் மலர்ந்து அவனை மொட்டைமாடிக்கு இழுத்துப் போனார். பக்கெட்டின் பச்சைத் தண்ணீரில் உப்புத்தூள் போலக் குட்டிப் பூச்சிகள் துள்ளிக்கொண்டிருந்தன.

"ஏரித் தண்ணியை வேட்டித் துணியில வடிகட்டினா இது மாட்டும் தம்பி. வெயில்ல வை. அதுக்குத் தீனியா ஈஸ்ட் ஒரு சிட்டிகைதான். கூடிப்போச்சுன்னா தண்ணி நாறி எல்லாம் செத்துடும்."

"சார், நான் வந்தது..."

"குழாய்த் தண்ணி மட்டும் ஊத்திடாத. மருந்து கலந்திருப்பான்."

"அப்போ கிணத்துத் தண்ணி, சார்?" சிட்டிபாபு வந்த வேலையை மறந்து பக்கெட்டுக்குள் குனிந்துவிட்டான்.

கடைசியில் அவரே கேட்டார்: "வேற ஏதாவது கேக்கணுமா தம்பி?"

மாடிப்படியில் காதை வைத்திருந்த யூனிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பக்கெட்டை மூடி வைக்கலாமா சார்?"

"வலைத்துணி கட்டு, இல்லன்னா கொசு முட்டை போட்டுடும்." ஹார்லிக்ஸ் பாட்டிலில் பூச்சிகளை மொண்டு கொடுத்து, தோளில் தட்டி அனுப்பிவைத்தார்.

கேட்டைச் சாத்திவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"பியூலா, இந்தப் பையனும் பூச்சியோட போயிட்டான். அடுத்தவனுக்கு ஒரு பாட்டில் கழுவி வை."