சதுரங்களால் ஆன வம்சம்

அந்த அறையில் இருந்தவர்கள் நால்வர்: மரபணு மருத்துவர், பெரியவர், அவருடைய ஒரே மகள், கார் ஓட்டி வந்த மாப்பிள்ளை.

மகளின் கருப்பை வாயில் ஒட்டிக்கொண்ட வைரஸ் இரண்டு வருடமாக நகர மறுத்தது.

மருத்துவர் நடத்தும் ஆய்வில் இன்னும் ஒரே ஒரு குடும்பத்துக்குத்தான் இடம். சேர்ந்தால் அவளுடைய நோய் எதிர்ப்பு மரபணுக்களைப் படித்துப் பார்ப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பார்கள். நிபந்தனை ஒன்றுதான். ரத்த உறவில் ஒரு பெண்ணுக்காவது கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்திருக்க வேண்டும்.

"அதெல்லாம் எங்க வம்சத்துல கிடையாது."

பெரியவர் முதுகை நாற்காலியில் சாய்க்காமல் இதைச் சொல்லிவிட்டு, உறையிலிருந்து வம்சாவளியை எடுத்து விரித்தார். எட்டுத் தலைமுறை. அவரே கைப்பட எழுதியது.

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர் என்றால் உள்ளே கறுப்பு. மருத்துவர் வம்சாவளியைப் பார்த்துத் தன் தாளில் அப்படி வரையத் தொடங்கினார்.

சதுரம். சதுரம். சதுரம்.

"ஐயா, இத்தனை ஆம்பளைங்கள்ல ஒருத்தருக்குக்கூட அக்கா தங்கச்சி பொறக்கலையா?"

மாப்பிள்ளை சிரிப்பை இருமலாக்கினார்.

பெரியவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பேனாவை வாங்கினார்.

மூன்று மொழியில் திட்டத் தெரிந்த பெரிய அத்தைக்கு ஒரு வட்டம். ஏழு பிள்ளை பெற்றும் சைக்கிளை விடாத சின்ன அத்தைக்கு ஒன்று. கணக்கில் அவரையே தோற்கடித்த சித்தப்பா மகளுக்கு, சற்றுப் பெரிதாக, இன்னொன்று.

தாள் போதவில்லை. அடுத்த தாள் கேட்டார்.

மகள் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டாள்.

"இவ்வளவு பேரையும் எங்கப்பா ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

தம்முடைய சதுரத்துக்கு அருகில் வந்ததும் பேனா நின்றது.

மருத்துவர் கோப்பைப் புரட்டியபடியே சொல்லிக்கொண்டிருந்தார். "தாம்பத்தியத்துல தொத்துற இந்த வைரஸ் பெரும்பாலானவங்களுக்கு எப்பவாவது வந்து போறதுதான். சில பேர் உடம்புக்கு அத விரட்டத் தெரியல, அவங்களுக்குத்தான் அது பின்னாடி புற்றுநோயாகலாம். பொறப்புலயே வர்ற மரபணு வித்தியாசமும் அதுக்கு ஒரு காரணமா இருக்கலாம். அப்பா வழியாவும் வரலாம். நடத்தைய வச்சு இதப் பேசுறதே தப்புங்க ஐயா."

பெரியவர் அவரையே பார்த்தார்.

நாற்பது வருடத்தில் இதை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

தம் சதுரத்தை ஒட்டி ஒரு வட்டம் போட்டார். அதைக் கறுப்பாக்கினார், தாள் கிழிந்துவிடும் அளவுக்கு அழுத்தி.

"என் தங்கச்சி. எழுதிக்குங்க. சீக்கிரம் எழுதிக்குங்க."

மகள் அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டாள். மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார், எதற்கென்று தெரியாமல். மருத்துவர் ரத்தக் குப்பியில் ஆய்வின் கடைசி எண்ணை ஒட்டினார். அவசரத்தில் கோணலாக ஒட்டினார்.

பெரியவரின் தங்கை நாற்பது வருடத்துக்கு முன் மஞ்சள் காமாலையில் போனாள் என்று உறவுக்குள் இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. காமாலை இல்லை. அந்தப் பேச்சைக் கிளப்பியவர் பெரியவர்தான்.