இரண்டு அங்குல உயரம்

“ஜீப்பை இன்னும் உயர்த்தினா நான் ஏறவே மாட்டேன்.”

“உன்னை யாரு ஏறச் சொன்னா?”

மனைவியோடு அவன் கடைசியாகப் பேசியது அதுதான். ஒரு வருடம் ஆகிவிட்டது.

“நாலு அங்குலம் தூக்கினா வளைவுல சாயும் தம்பி. ரெண்டு தூக்கிட்டு, பெரிய டயர் போடலாம்” என்றார் மெக்கானிக். “ஆனா வீட்டம்மா ஏறச் சிரமப்படுவாங்களே?”

“அவ ஏறப் போறதில்லண்ணே. போடுங்க.”

மறுநாள், அடிப்பாகம் பாறைகளில் தட்டாமல் ஏறிய ஜீப், மலையுச்சியின் சுகாதார நிலைய வாசலில் நின்றது. அன்றைய கோபத்தில் இங்கே மாற்றல் வாங்கி வந்துவிட்ட நர்ஸ் வெளியே வந்தாள்.

“கூட்டிட்டுப் போக வந்தீங்களா? நான் வரமாட்டேன்.”

அவன் தன் பெட்டியை இறக்கி வைத்தான்.

“நீ வர வேண்டாம். நானும் இங்கேயே இருந்துக்கட்டுமா?”