நெட்டு கட்டாகக் கூடாது

"ஒயரு பின்னு உப்புக்காத்துல துருப்புடிச்சிருந்துச்சு, மாத்திட்டேன். இப்ப ஸ்பீடு ஏறிகீதா ஷாலு?" மோடத்தை இரண்டு அறைகளுக்கும் நடுவில் வைத்தபடி கேட்டான் பீம்ராவ்.

"ஏறிகீதுயா. போன தபா மாதிரி பாதில புட்டுக்கிச்சுன்னா?"

"வாய கழுவு. அப்புறம் மாசக்கணக்கா காத்துகினு இருக்கணும்."

ஷாலு செல்போனோடு உள்ளறைக்குப் போனாள். அவன் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்தான். திரையில் நீதிபதி வந்தார்.

"விவாகரத்துக்கு இருவருக்கும் சம்மதம்தானே?"

"சம்மதம்" என்ற ஷாலுவின் குரல் பீம்ராவின் மைக்கிலும் கேட்டது.

"ஏன் எதிரொலிக்கிறது? ஒரே வீட்டிலா இருக்கிறீர்கள்?"

"எர்ணாவூர்ல எங்க அம்மா வூட்ல நெட்டு நிக்காது ஐயா. அவருதான் இங்க வரச்சொல்லி, எல்லாம் சரிபண்ணிக் குடுத்தாரு."

நீதிபதி திரைக்கு அருகில் குனிந்தார். "பீம்ராவ், உங்களுக்குச் சம்மதமா? நான் பேசுவது கேட்கிறதா?"

நெட்டு கொஞ்சமும் கட்டாகவில்லை. பீம்ராவுக்குத்தான் குரல் வரவில்லை.