அண்ணன் வீட்டுக் கோடாலி

காளியாயி வேலி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள்.

வடகவுஞ்சியில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. அவள் புருஷன் சின்னக்கருப்பன் பக்கத்து வீட்டு விறகுக் கொட்டகையில் குந்தியிருந்தான். பக்கத்து வீடு என்றால் அவனுடைய அண்ணன் ஆண்டிச்சாமியின் வீடு. அண்ணனின் கோடாலியைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இரும்புத் தலையைக் காம்போடு இறுக்கிப் பிடிக்கும் ஆப்பைத் தட்டித் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தான்.

ஆப்பு இல்லாத கோடாலியை ஓங்கினால் தலை கழன்று பறக்கும். யார் மண்டையில் விழும் என்று யாருக்குத் தெரியும்?

பூண்டுக்காட்டு வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி பேச்சு நின்று எத்தனையோ வருஷம். அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூட எட்டிப் பார்க்காத வீம்புக்காரன் இவன். நேற்றுச் சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் விறகு வெட்டும் சத்தம் கேட்டதும், "அந்தக் கோடாலிதான்டி அவனுக்கு எமன்" என்று பல்லைக் கடித்தானே!

பாவி மனுஷன், அதுக்காக இப்படியா?

மேற்கொண்டு பார்க்கத் தெம்பில்லாமல் அடுப்படிக்கு ஓடி வந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் சின்னக்கருப்பன் ஒன்றும் அறியாதவன்போல வந்து உட்கார்ந்தான்.

"வெள்ளனே எங்க போயிட்டு வாறீங்க?"

"காட்டுக்குத் தண்ணி தெறந்துவிட. வெரசா காப்பியக் குடு."

வாய் கூசாமல் என்ன பொய்! அவள் டம்ளரை வைக்கும்போதே வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டகைப் படல் திறக்கும் சத்தம் கேட்டது.

பின்வாசல் வழியாக ஓடினாள். ஆண்டிச்சாமி கோடாலியை ஓங்கிவிட்டார்.

"மாமா! வெட்டாதீங்க! ஆப்பு இல்ல மாமா, அவருதான் கழட்டிட்டாரு!"

சொன்ன பிறகுதான், கட்டின புருஷனையே காட்டிக் கொடுத்துவிட்டோம் என்று உறைத்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஆண்டிச்சாமி கோடாலியை மெல்ல இறக்கி அவளிடம் நீட்டினார். உள்ளே புத்தம் புது ஆப்பு இறுக்கமாக அடித்து, எண்ணெயும் தடவியிருந்தது. ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"பழச எடுத்தாத்தானத்தா புதுச அடிக்க முடியும்? தலை ஆடுற கோடாலிச் சத்தம் கேட்டுட்டா உம்புருசனுக்கு ராத்திரி தூக்கம் வராது. விடியிறதுக்குள்ள திருடன் கணக்கா வந்து இறுக்கிட்டுப் போயிருவான். நானும் சன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தான் கெடப்பேன்."

காளியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரே வீட்டில் இருந்தும் தனக்குத் தெரியாமல் போயிற்றே!

"ஏன் மாமா, அவரு ஆப்பு அடிச்சா எங்க வீட்டுக் கோடாலி வருசக்கணக்கா அசையாது. உங்களுது மட்டும் எப்படி அடிக்கடி ஆடுது?"

ஆண்டிச்சாமி வேலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"அவன்கிட்டச் சொல்லிராத. நாந்தானத்தா அப்பப்பத் தளர்த்தி வைக்கிறேன். இல்லேன்னா அவன் எதுக்கு எம் வீட்டுக்கு வரப்போறான்?"