அழுந்திய பொத்தான்

விசாகப்பட்டினத்தில் நிற்கும் கப்பலின் வயிற்றுக்குள் எர்ரய்யா குனிந்து இரும்புக் கட்டுகளை நகர்த்துகிறான். "பெரிய வாக்கிடாக்கி இடுப்பை இழுக்குது மாமா" என்று காலையில் அவற்றைக் கொடுப்பவரிடம் சொல்லி, ஆகச் சின்னதைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவன். குந்திக் குனிந்ததில் அதன் பேசும் பொத்தான் முழங்காலில் அழுந்திக் கிடப்பது அவனுக்குத் தெரியவில்லை. அவன் தலைக்கு மேலே பாரம் இறங்குகிறது. அதைத் தாங்கும் கம்பிவடம் பிரிவதை மேல்தளத்திலிருந்து பார்த்துவிட்ட சிம்மாசலம், "நிறுத்துங்கண்ணே!" என்று தன் வாக்கிடாக்கியில் கத்துகிறான். கிரேன் கூண்டில் பைடிராஜுவுக்குக் கேட்பதெல்லாம் எர்ரய்யா முணுமுணுக்கும் பாட்டுதான். "கழுதை, பொத்தானை அமுக்கிட்டே பாடுது. இப்ப எவன் கத்தினாலும் எனக்குக் கேக்காதே" என்று அவர் கிரேனை நிறுத்துகிறார். பாரம் அந்தரத்தில் ஆடுகிறது. இன்னொரு இழை அறுகிறது. இயந்திர இரைச்சலில் கூப்பிட்டுப் பயனில்லை. சிம்மாசலம் கையிலிருந்த வாக்கிடாக்கியை எர்ரய்யாவின் முதுகைக் குறிபார்த்து எறிகிறான். கூண்டில் பாட்டு நிற்கிறது. எர்ரய்யா திட்டிக்கொண்டே நிமிர்ந்து மேலே பார்க்கிறான்.