மதினி மேல் ஒரு புகார்

“உங்க வாப்பாவ உள்ள வச்சுப் பூட்டிட்டு ஆபிதா வெளிய போயிருதா தாயி. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். மனசு கேக்கல.”

சங்கரன்கோவிலில், வாப்பா வீட்டுக்கு அடுத்த வீட்டுக் கோமதித்தாய்தான் போனில் பேசினாள். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியதில், கடையநல்லூரில் இருந்த ஜரினாவின் காதில் ஒவ்வொரு வார்த்தையும் அறைந்தது.

வாப்பா மைதீன் பாட்சாவுக்குப் போன நோன்புக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால்கூட வாய்விட்டுக் கேட்க வராது. அண்ணன் சைஃபுல்லா சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறான். வாப்பாவோடு இருப்பது அண்ணன் மனைவி ஆபிதா மட்டும்தான்.

அந்த மதினிதான் பூட்டிவிட்டுப் போகிறாளாம்.

ஜரினா மதினிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அண்ணனுக்குப் போட்டாள். “நான் இங்கன இருந்துக்கிட்டு என்ன செய்ய? நீ போய்ப் பாரு” என்று வைத்துவிட்டான்.

பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினாள்.

புளியங்குடியில் எலுமிச்சம்பழ மூட்டை ஏற்ற பஸ் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. வாப்பா கட்டிலிலிருந்து விழுந்திருந்தால்? எச்சில் புரையேறியிருந்தால்? கரண்ட் போய், ஃபேன் நின்று, பூட்டிய வீட்டுக்குள் வேர்த்துக் கிடந்தால்?

மதினியை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். முன்பெல்லாம் அவளே அடிக்கடி போன் பண்ணுவாள். எனக்கு இடுப்பு முடியல, ஒரு நாலு நாள் வந்து நில்லு ஜரினா என்பாள். அப்போது பிள்ளைகளுக்குப் பரீட்சை. அப்புறம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். அப்புறம் நாத்தனார் வீட்டு நிக்காஹ். கொஞ்ச நாளில் மதினி கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள்.

ஏன் நிறுத்தினாள் என்று இப்போது புரிந்தது. பூட்டிவிட்டு ஊர் சுற்றப் பழகிவிட்டாள்.

ஆட்டோ பிடித்து வீட்டு வாசலில் இறங்கினால், கதவு திறந்து கிடந்தது.

உள்ளே வாப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். முகம் மழித்து, வெள்ளைக் கைலி கட்டி, சுத்தமாக இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கோமதித்தாய் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் வாப்பாவின் இடது கை மட்டும் மேலே எழும்பியது. கண்ணில் நீர் வழிந்தது.

“பூட்டிட்டுப் போவான்னு சொன்னீங்களே அக்கா?”

“இன்னிக்கு நான் இருக்கேன்லா” என்றாள் கோமதித்தாய், கஞ்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆபிதா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்றும் சொன்னாள். எதற்கு என்று கேட்பதற்குள் வாசலில் ஆட்டோ நின்றது.

ஆபிதா இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வந்தாள். இடுப்பைச் சுற்றி அகலமான பெல்ட் போட்டிருந்தாள். கூடவே ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி. பஸ்ஸில் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டு ஜரினா ஓடிப்போய் மதினியின் கையைப் பிடித்தாள்.

“நீங்க மகளா?” என்றாள் நர்ஸ். “நல்ல வேளை வந்தீங்க. வீட்டுக்கே வந்து பாக்க நாங்க இருக்கோம். கையைக் காலை நீட்டி மடக்கப் பழக்கித் தருவோம், படுக்கைப்புண் வராம தண்ணி மெத்தையும் குடுப்போம். ஆனா புரட்டிப் படுக்கவைக்க வீட்டுல ரெண்டாவது ஆளு வேணும்லாம்மா. இவங்க இனி ஒத்தையில தூக்குனா, அடுத்த கட்டில் இவங்களுக்குத்தான் போடணும்.”

எப்படிப் புரட்ட வேண்டும் என்று நர்ஸ் காட்டிக்கொடுத்தாள். ஜரினா வாப்பாவின் தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுத்தாள். மெலிந்த மனிதர்தான். ஆனாலும் கல்லாகக் கனத்தார். ஒரு தடவை புரட்டியதற்கே அவள் முதுகு பிடித்துக்கொண்டது.

வாப்பாவின் முதுகைப் பார்த்தாள். இத்தனை மாசம் படுக்கையில் கிடந்தும் ஒரு கீறல் இல்லை.

நர்ஸ் போன பிறகு ஜரினா மதினி பக்கத்தில் வந்து நின்றாள்.

“வெள்ளிக்கிழம வந்தா ஞாயித்துக்கிழம வரைக்கும் இனி நான் நிக்கேன் மதினி. பிள்ளைகளையும் இங்கன கூட்டிட்டு வாரேன்.”

ஆபிதா தலையை ஆட்டினாள். பாயில் சாய்ந்தவள், முக்காடு விலகியதுகூடத் தெரியாமல் அப்படியே தூங்கிப்போனாள்.

தூங்குகிற மதினியைப் பார்க்கப் பார்க்க ஜரினாவுக்குக் கோமதித்தாய் மேல் கோபம் மூண்டது. விறுவிறுவென்று அடுத்த வீட்டுக்குப் போனாள். அவள் அதற்குள் திரும்பி வந்து தறியில் உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு நாளாவது எங்க மதினி வாப்பாவப் பூட்டிட்டுப் போயிருக்காளா?”

“ஒரு நாளும் இல்ல. கடைக்குப் போனாக்கூட என்னைய உக்கார வச்சுட்டுத்தான் போவா.”

“அப்புறம் ஏன் இப்படி வாய் கூசாம ஒரு பழியப் போட்டீங்க?”

கோமதித்தாய் தறியை நிறுத்தினாள்.

“நானும் மாட்டேன்னுதான் சொன்னேன் தாயி. ‘ஒத்தாசைக்குக் கூப்பிட்டா அவ வர மாட்டா. என்னையப் பத்திக் கேவலமாச் சொல்லுங்க, அடுத்த பஸ்ஸுல வந்துருவா’ன்னு ஆபிதாதான் சொல்லச் சொன்னா.”